புதுப்பிப்பு: நைபால் மறைவும் பிளவுபட்ட எங்கள் வாசகர் வட்டமும்

நோபல் பரிசு பெற்ற ஆங்கில எழுத்தாளர் வி. எஸ். நைபால் 2018 ஆகஸ்ட் 11 அன்று மறைந்தபோது, எங்கள் வட்டத்தில் சிலர் அஞ்சலிக் கூட்டம் வேண்டுமென்றும், முதல் மனைவி பட்ரீசியாவை அவர் நடத்திய விதத்தை மன்னிக்க இயலாத சிலர் கூடாதென்றும் பிரிந்து நின்றதைச் சொல்லி, இங்கு வழி கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

இரு தரப்பையும் முதலிலேயே விவாதிக்க விடும் யோசனை பலிக்கவில்லை. 1961இல் வெளிவந்த அவருடைய ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலிலிருந்து ஒரு பகுதியை வாசித்துவிட்டு, பேட்ரிக் பிரெஞ்ச் 2008இல் வெளியிட்ட நைபாலின் வாழ்க்கை வரலாற்றுக்குச் செல்லலாம் என்ற யோசனையே கைகொடுத்தது. தம் கொடுமைகளை நைபாலே அதில் ஒப்புக்கொண்டிருப்பதால், அவரை நேசிப்பவர்கள் எதையும் மறுத்துப் பேச வேண்டியிருக்கவில்லை.

நான் எதிர்பாராதது ஒன்று: ‘அஞ்சலி’ என்ற சொல்லை ‘வாசிப்பு’ என்று மாற்றிய பிறகே வர இசைந்த ஒருவர்தான், அந்த நாவலின் வரிகளை நினைவிலிருந்து சொன்னார்.