பி பிளாக் குழு: மூணு டிக்கும் பெகாசஸும்

*ரங்கராஜன் (102):* [பலமுறை பகிரப்பட்டது] மூணு டிக் விழுந்தா உங்க மெசேஜை அரசாங்கம் பாத்துடுச்சுன்னு அர்த்தம். ரெண்டு நீலம், ஒரு சிவப்புன்னா நடவடிக்கை எடுக்கப் போறாங்க!!

*ரங்கராஜன் (102):* இது நெசமா செல்வம்?

*செல்வம் (304):* சுத்தப் பொய் சார். வருஷக்கணக்கா சுத்துது. வாட்ஸ்அப்ல மூணாவது டிக்கே கிடையாது. வேவு பாக்கறவன் டிக் போட்டுச் சொல்லிட்டா பாப்பான்?

*ரங்கராஜன் (102):* அப்போ பெகாசஸ்னு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சே?

*செல்வம் (304):* அது நெசம். இஸ்ரேல்ல இருக்கற என்எஸ்ஓ கம்பெனியோட உளவு மென்பொருள்தான் பெகாசஸ். ஆனா அது வழியில மெசேஜைப் பிடிக்கறது இல்ல, போனுக்குள்ளயே உக்காந்துக்கும். என்கிரிப்ஷன், அதாவது மெசேஜைப் பூட்டி அனுப்பற முறை, காப்பாத்தறது மெசேஜ் போற வழியைத்தான். உங்க திரையில எழுத்தா தெரியறப்போ அதுக்கும் தெரியும். மைக், கேமரா, லொகேஷன் எல்லாமே அதோட கைக்குப் போயிடும்.

*தீபா (201):* தெரியாத லிங்க்கைத் தொடாம இருந்தா போதும்ல அண்ணா?

*செல்வம் (304):* பத்தாதும்மா. 2019ல வாட்ஸ்அப் கால் வந்தாலே போதும், எடுக்கக்கூட வேணாம், பெகாசஸ் ஏறிடும். சுமார் 1,400 பேரை அப்படிக் குறி வச்சாங்க. 2021ல ஐபோனோட ஐமெசேஜ்ல ஒரு ஃபைலா வந்துச்சு: பேரு ஜிஃப் படம், உள்ள இருந்தது பிடிஎஃப். படத்தைக் காட்டறதுக்காக போன் தானா அதைப் பிரிக்கும்ல, அங்க ஜேபிஐஜி2ன்னு ஒரு பழைய ஸ்கேன் வடிவத்தைப் படிக்கற நிரல்ல ஓட்டை. கனடாவுல இருக்கற சிட்டிசன் லேப் ஆராய்ச்சிக் குழு கண்டுபிடிச்சு, செப்டம்பர் 2021ல ஆப்பிள் தன்னோட ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 14.8ல அடைச்சாங்க. அதனாலதான் அப்டேட்டைத் தள்ளிப் போடாதீங்கன்னு கத்தறேன்.

*செல்வம் (304):* இன்னொண்ணு. பாராகான் கம்பெனியோட உளவு மென்பொருள்ல சிக்கினதா 2025 ஜனவரியில சுமார் 90 பேருக்கு வாட்ஸ்அப் சொல்லுச்சு. குரூப்ல சேத்துவிட்டு ஒரு பிடிஎஃப் அனுப்பினாங்க, அவ்ளோதான். செட்டிங்ஸ் > பிரைவசி > குரூப்ஸ் போய் "மை கான்டாக்ட்ஸ்" வச்சிடுங்க எல்லாரும்.

*நூர்ஜஹான் அக்கா (வக்கீல், 403):* பெகாசஸ் வழக்குல 27.10.2021ல கோர்ட் நிபுணர் குழு போட்டுச்சு, நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் மேற்பார்வை. 29 போன் பாத்தாங்க. 5ல ஏதோ மால்வேர் (கெடுதல் செய்யற மென்பொருள்) இருந்துச்சு, ஆனா பெகாசஸ்தான்னு உறுதி சொல்ல முடியல. மத்திய அரசு ஒத்துழைக்கலைன்னு குழு சொன்னதை 2022 ஆகஸ்ட்ல கோர்ட்லயே சொன்னாங்க. அரசாங்கங்களுக்கு மட்டும்தான் விக்கறோம்னு என்எஸ்ஓ சொல்லுது. மீதியை நீங்களே யோசிச்சுக்கோங்க.

*ரங்கராஜன் (102):* பென்ஷன்காரனை யாரும்மா வேவு பாக்கப் போறான் 😄

*நூர்ஜஹான் அக்கா (வக்கீல், 403):* படிக்கறது மட்டும் பிரச்சினை இல்ல சார். 2018ல மகாராஷ்டிராவுல நடந்த வன்முறை சம்பந்தமான பீமா கோரேகான் வழக்குல, கைதான செயற்பாட்டாளர் ரோனா வில்சனோட லேப்டாப்பை ஆர்சனல் கன்சல்டிங்ங்கற அமெரிக்கத் தடயவியல் கம்பெனி ஆராய்ஞ்சு 2021 பிப்ரவரியில அறிக்கை கொடுத்தாங்க. 2016 ஜூன்ல வந்த மெயில் அட்டாச்மென்ட்டைத் திறந்ததும் ஏதோ ஆவணம் தெரிஞ்சுது, பின்னாடி நெட்வயர்ங்கற, தூரத்துல இருந்தே கம்ப்யூட்டரை ஆட்டிவைக்கற மென்பொருள் ஏறிடுச்சு. 22 மாசம் லேப்டாப் அவங்க பிடியில. வழக்குல ஆதாரமா காட்டின கடிதங்களை, மறைச்சு வச்ச ஃபோல்டர்ல கொண்டுவந்து போட்டிருக்காங்க. மாட்டினது எப்படின்னா, சில கடிதம் அந்த லேப்டாப்ல இருந்த வேர்ட் 2007ஐ விடப் புது வேர்ட்ல தயாரானது! செஞ்சது யாருன்னு அறிக்கையில பேர் இல்ல.

*செல்வம் (304):* நெட்வயர் ஒண்ணும் பெகாசஸ் மாதிரி விலை கூடின சரக்கு இல்ல, யார் வேணா வாங்கலாம்ங்கற நிலைமையில இருந்துச்சு. விண்டோஸ்ல ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து 'வியூ' மெனு போய் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' டிக் பண்ணி வைங்க. பிடிஎஃப் மாதிரி தெரியறது கடைசியில .இஎக்ஸ்இ-ன்னு முடிஞ்சா அது ஆவணம் இல்ல, நிரல்; தொடாதீங்க.

*தீபா (201):* உங்க போனை வேவு பாக்கறாங்கன்னு ஆப்பிள்ல இருந்து எச்சரிக்கை மெயில் வருதாமே. போலின்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

*செல்வம் (304):* மெயில்ல இருக்கறதைத் தொடாம, நீயா ஆப்பிள் அக்கவுன்ட் தளத்துல லாகின் பண்ணு. நெசம்னா பக்கத்து மேலயே எழுதியிருக்கும். உண்மையான எச்சரிக்கை பாஸ்வேர்டு, ஓடிபி, ஆப் இன்ஸ்டால் எதையும் கேக்காது.

நெசம்னா பதறிப்போய் ரீசெட் அடிச்சிடாதே, தடயம் போயிடும். முதல்ல கம்ப்யூட்டர்ல கேபிள் போட்டு பேக்கப் எடு, 'என்கிரிப்ட் லோக்கல் பேக்கப்' டிக் பண்ணி. டிக் இல்லைன்னா கால் லாக், சஃபாரி ஹிஸ்டரி ரெண்டும் பேக்கப்ல வராது, அதுலதான் தடயமே இருக்கும். அப்புறம் மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டியோட எம்விடி, பேக்கப்ல உளவுத் தடயம் தேடற கருவி: முதல்ல 'டிகிரிப்ட்-பேக்கப்' கமாண்டு, பிறகு 'செக்-பேக்கப்'. ஒண்ணும் சிக்கலைன்னா சுத்தம்னு அர்த்தம் இல்ல, தெரிஞ்ச தடயம் இல்லைன்னு மட்டும்தான். டிஜிட்டல் உரிமை அமைப்பான ஆக்சஸ் நவ்வோட உதவி மையம் 24 மணி நேரமும் இருக்கு.

*தீபா (201):* ஆன்டிவைரஸ்?

*செல்வம் (304):* ஐபோன்ல ஒரு ஆப் இன்னொண்ணுக்குள்ள எட்டிப் பாக்க ஐஓஎஸ் விடாது. அது எதைத் தேடும்?

இந்த மாதிரித் தாக்குதலுக்கு ஐபோன்ல இருக்கற கூடுதல் பூட்டு லாக்டவுன் மோட். வேணும்னா செட்டிங்ஸ்ல பிரைவசி & செக்யூரிட்டி, கீழ போனா இருக்கும். போன் ரீஸ்டார்ட் ஆகும். ஐமெசேஜ்ல பெரும்பாலான அட்டாச்மென்ட், லிங்க் முன்னோட்டம் வராது, சில வெப்சைட் கோணலா தெரியும். சாதாரண கால், எஸ்எம்எஸ் ஓடும்.

ரங்கராஜன் சார், உங்களுக்கு வேற ஆபத்து: 'ஆர்டிஓ சலான்'னு வர்ற ஏபிகே, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பை ஏத்தற ஃபைல். கல்யாணப் பத்திரிகைன்னும் வருது. அப்புறம் வாட்ஸ்அப்ல லிங்க்ட் டிவைசஸ் பாருங்க, உங்க அக்கவுன்ட் வேற எந்தக் கருவியில திறந்திருக்குன்னு காட்டும்.

*ரங்கராஜன் (102):* கூகுள் குரோம் (விண்டோஸ்)னு ஒண்ணு இருக்கே? என்கிட்ட கம்ப்யூட்டரே இல்லியே.

*செல்வம் (304):* அதைத் தொட்டு உடனே லாக் அவுட் குடுங்க. உங்க போனை வாங்கி யாராவது கியூஆர் ஸ்கேன் பண்ணியிருக்கலாம். ஸ்கிரீன் லாக்கை மாத்துங்க. அக்கவுன்ட் > டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன்ல 6 இலக்க பின் வைங்க. பிறந்த தேதி வேணாம் சார்.