பேட்டரி 72 சதவீதம்: இப்போதே மாற்றணுமா?

உட்லண்ட்ஸ்வாசி:
மகளின் லேப்டாப்பில் விண்டோஸ் பேட்டரி ரிப்போர்ட் எடுத்தேன். டிசைன் கெப்பாசிட்டி, அதாவது புதுசில் இருக்கவேண்டிய கொள்ளளவு, 50,000 மில்லிவாட் அவர். இப்போது முழு சார்ஜில் 36,000தான், அதாவது 72 சதவீதம்தான் நிற்கிறது. பாலிடெக்னிக்கில் மத்தியானமே சார்ஜ் இறங்கிவிடுகிறதாம். மாற்றலாமா, தள்ளிப்போடலாமா?

தெம்பனிஸ் குமரன்:
மாற்றிடுங்க அண்ணே. 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தேய்ந்துவிட்டது என்பதுதான் பொதுக் கணக்கு. ஆப்பிள்கூட இப்போதைய மேக்புக்குகளுக்கு 1000 சைக்கிள் (ஒரு முழு சார்ஜ் அளவு செலவானால் ஒரு சைக்கிள்) வரை 80 சதவீதம் என்றுதான் சொல்கிறது. படிக்கிற பிள்ளை பிளக் தேடி அலையணுமா?

ஈசூன் செல்வி:
80க்கு வந்த அன்றைக்கே பேட்டரி செத்துவிடாது குமரன். என் லேப்டாப் அதைவிடத் தேய்ந்தது, மேசையில் பிளக்கிலேயே இருக்கிறது, வேலை நடக்கிறது. இன்னொன்று: லித்தியம் பேட்டரி பெட்டிக்குள் சும்மா இருந்தாலும் வயதாகும். பழைய மாடலுக்குக் கடையில் கிடைப்பது எப்போது செய்த சரக்கோ! அவசரப்பட்டு வாங்கினால் புதுசு என்ற பெயரில் பாதிக் கிழடுதான் வீட்டுக்கு வரும்.

தெம்பனிஸ் குமரன்:
எந்நேரமும் பிளக்கிலேயா? முழு சார்ஜும் சூடும் சேர்ந்தால்தான் பேட்டரி சீக்கிரம் கெடும். ஏர்கான் இல்லாத வீவக அடுக்குமாடி வீட்டு அறையில், இந்த ஊர் வெயிலில், அது எப்படித் தாங்கும்?

ஈசூன் செல்வி:
80இல் சார்ஜை நிறுத்தும் செட்டிங் போட்டிருக்கிறேன். பல பிராண்டுகளில் இருக்கிறது. முதலில் அதைச் செய்யச் சொல்லுங்கள், அப்புறம் கடைக்கு அனுப்பலாம்.

தெம்பனிஸ் குமரன்:
அது இனிமேல் தேய்வதைத்தான் குறைக்கும். தேய்ந்துபோன 14,000 திரும்பி வராது. வெளியே தூக்கிக்கொண்டு போகிற பிள்ளைக்கு 80இல் நிறுத்தினால் இருக்கிறதும் குறையும்.

ஜூரோங் பாலா:
சதவீதச் சண்டை இருக்கட்டும். லேப்டாப்பைத் தட்டையான மேசையில் வையுங்கள். ஆடுகிறதா? டச்பேட் மேலே தூக்கியிருக்கிறதா, கிளிக் செய்தால் கல் மாதிரி நிற்கிறதா? அப்படியென்றால் உள்ளே வாயு சேர்ந்து பேட்டரி வீங்கியிருக்கலாம். 95 சதவீதம் காட்டினாலும் அன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்தணும். அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, புளோக் குப்பைத் தொட்டியிலும் போடக் கூடாது, தீப்பிடிக்கும். பழுதுபார்க்கிற கடையில் வீங்கியிருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
பார்த்தேன் பாலா, ஆடவில்லை, டச்பேடும் சமமாக இருக்கிறது. ஆனால் இறுதியாண்டு ப்ராஜெக்ட் தொடங்குகிறது, மாற்றத்தான் போகிறேன். சிம் லிம் கம்ப்யூட்டர் கடைகளில் விசாரிக்கிறேன்.

ஈசூன் செல்வி:
சரி, தயாரிப்புத் தேதியைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாத கடையில் வாங்காதீங்க.