விஎஃப் (நெட்வொர்க் கார்டின் ஒரு பங்கு) கொடுத்ததும் ஃபயர்வால் காணோம். விதிகளைக் கார்டுக்குள்ளேயே வைக்க முடியுமா?

அரசலாறு எழுதியது:

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடை மாடியில் மூன்று சர்வர் வைத்து ஓட்டுகிறேன். மூன்றிலும் விஎம் (மெய்நிகர் கணினி) ஓட்டும் புராக்ஸ்மாக்ஸ் மென்பொருள், மொத்தம் 42 விஎம். நகைக்கடை பில்லிங், பாபநாசம் பக்கத்து அரிசி ஆலைக் கணக்கு, இரண்டு லாட்ஜ், அப்புறம் ஒரு கேபிள் இன்டர்நெட்காரரின் டிஎன்எஸ் (தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்லும்) சர்வர்.

சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் முதல் சர்வர் திணறும். டாப் கட்டளை போட்டுப் பார்த்தால் கேசாஃப்ட்ஐஆர்க்யூடி (பாக்கெட்டுகளைக் கையாளும் கர்னல் வேலை) ஒரு கோரை 100 சதவீதம் தின்றுகொண்டிருக்கும், மற்ற கோர்கள் சும்மா கிடக்கும். நகைக்கடைக்காரர் போன் செய்து, "தம்பி, தாலிக்கொடி பில் போட கால் மணி நேரமா சுத்துது" என்பார். ஃபயர்வாலை நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. அதனால் குற்றவாளி ஃபயர்வால்தான் என்று முடிவு கட்டினேன்.

ரிச்சி தெருவில் பழைய மெல்லனாக்ஸ் கனெக்ட்எக்ஸ்-5 நெட்வொர்க் கார்டு ஒன்று கிடைத்தது. எஸ்ஆர்-ஐஓவி (ஒரு கார்டைப் பல விஎஃபாகப் பிரிக்கும் வசதி) போட்டு, நான்கு விஎம்முக்கு ஆளுக்கொரு விஎஃப் கொடுத்தேன். வேகம் பிரமாதம். இரண்டு நாள் கழித்து ஒரு லாட்ஜ் விஎம்முக்குள் இருந்து சும்மா என்மேப் (திறந்த போர்ட்டைத் தேடும் கருவி) ஓட்டினேன். அரிசி ஆலை விஎம்மின் 3306 போர்ட் (டேட்டாபேஸ் வாசல்) திறந்து கிடக்கிறது! புராக்ஸ்மாக்ஸ் திரையில் அதை மூடிய விதி பச்சை டிக்கோடு உட்கார்ந்திருக்கிறது. கை நடுங்கிவிட்டது, உடனே நான்கையும் பழையபடி மாற்றினேன்.

ஃபயர்வால் வேலையைக் கார்டே பார்க்கும்படி செய்யலாம் என்கிறார்களே, இந்தக் கார்டில் அது நடக்குமா? இல்லை, டிபியு (தனி சிபியுவே உள்ள நெட்வொர்க் கார்டு) வாங்கவேண்டுமா?

தலைமடை எழுதியது:

திருவையாற்றுக்காரன் பாஷையில் சொல்கிறேன். மதகில் ஆளை நிறுத்திவிட்டு, பக்கத்தில் கரையை வெட்டித் தண்ணீரை விட்டிருக்கிறாய். மதகுக்காரர் மேல் என்ன தப்பு?

சாதாரணமாக விஎம்மின் பாக்கெட் டேப் (விஎம்மின் மெய்நிகர் கேபிள் முனை) வழியாக வந்து எஃப்டபிள்யூபிஆர் என்ற குட்டிப் பிரிட்ஜில் (மென்பொருள் ஸ்விட்ச்) ஏறி, ஒரு வீத் ஜோடி என்ற மெய்நிகர் கேபிளைக் கடந்து விஎம்பிஆர்0 என்ற பெரிய பிரிட்ஜுக்கு வரும். உன் விதிகள் அந்தக் குட்டிப் பிரிட்ஜில் இருக்கின்றன. விஎஃப் கொடுத்தால் இதில் எதையுமே பாக்கெட் தொடாது. ஒரே கார்டில் ஒரே விலானில் (நெட்வொர்க் பிரிவு) இருக்கும் இரண்டு விஎஃப் பேசிக்கொண்டால் கார்டுக்குள் இருக்கும் ஸ்விட்சே கைமாற்றிவிடும். ஹோஸ்டின் கர்னலுக்குத் தகவல்கூட வராது.

கார்டு விதி பார்க்கவேண்டும் என்றால் அதை ஸ்விட்ச்டெவ் முறைக்கு மாற்றவேண்டும். அப்போது ஒவ்வொரு விஎஃபுக்கும் ஹோஸ்டில் ஒரு பிரதிநிதி இன்டர்ஃபேஸ் முளைக்கும். அவற்றை ஓவிஎஸ் என்ற மென்பொருள் ஸ்விட்ச்சில் சேர்த்து ஹார்டுவேர் ஆஃப்லோடை (வேலையைக் கார்டுக்கு இறக்குவது) இயக்கு. முதல் பாக்கெட் மேலே மென்பொருளுக்கு வரும், முடிவு அங்கே எடுக்கப்படும், அந்த முடிவு கார்டில் எழுதப்படும். அடுத்த பாக்கெட்டிலிருந்து சிபியுவுக்கு வேலை இல்லை. ஆனால் புராக்ஸ்மாக்ஸ் திரையில் நீ டிக் அடிக்கும் விதிகள் தானாக இங்கே வராது, ஓவிஎஸ் விதிகளாக நீயே எழுதவேண்டும். இன்னொரு குழப்பம்: கார்டுக்குள் இறங்கிய போக்குவரத்து டிசிபிடம்ப்பில் (பாக்கெட் பார்க்கும் கருவி) தெரியாது. முதல் பாக்கெட்டைப் பார்ப்பாய், அப்புறம் அமைதி. நான் ஒரு ராத்திரி முழுக்க லைன் அறுந்துவிட்டது என்று தேடியிருக்கிறேன்.

மன்னை மைனர் எழுதியது:

ஊர் மன்னார்குடி, பிழைப்பு பெங்களூரில் ஒரு டேட்டா சென்டரில். அண்ணே, டிபியு உங்களுக்கு வேண்டாம். புளூஃபீல்டு-2 என்ற டிபியுவில் எட்டு ஆர்ம் கோர் இருக்கிறது, தனி லினக்ஸே ஓடுகிறது. அதாவது நீங்கள் பேட்ச் போட்டுக் காப்பாற்ற இன்னொரு மெஷின். போதாததற்குச் சூடு, சர்வர் பெட்டியின் காற்றோட்டம் இல்லாமல் தாங்காது. கரண்ட் போய் ஏசி நின்றால் அந்த மாடியில் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பெரிய ஆட்கள் இதைச் செய்வதன் கணக்கு வேறு. அமேசான் தன் நைட்ரோ கார்டுகளுக்கு நெட்வொர்க் வேலையைத் தள்ளியதால் ஹோஸ்டின் கோர்களை வாடகைக்கு விட முடிகிறது. விஎம்வேரும் 2022-ல் விஸ்பியர் 8-ல் என்எஸ்எக்ஸ் (அவர்களின் நெட்வொர்க், ஃபயர்வால் மென்பொருள்) வேலைகளை டிபியுவுக்கு இறக்க வழி செய்தது. ஹோஸ்டை ஒருவன் கைப்பற்றினாலும் விதிகள் அவன் கைக்கு எட்டாமல் கார்டில் இருக்கும் என்பது எனக்கு அதைவிடப் பெரிய லாபமாகப் படுகிறது. உங்கள் மூன்று சர்வருக்கு இதெல்லாம் எதற்கு? விஎஃப் கொடுத்தால் ஓடும்போதே விஎம்மை இடம் மாற்றுவதும் போய்விடும்.

ஒரு சந்தேகம். அந்த டிஎன்எஸ் விஎம் முதல் சர்வரில்தானே இருக்கிறது? கான்ட்ராக் (கர்னல் இணைப்புகளைக் குறித்துவைக்கும் அட்டவணை) எண்ணிக்கையை ஏழு மணிக்குப் பாருங்கள். ஆஃப்லோடு நீண்டு ஓடும் இணைப்புக்குத்தான் பலன் தரும். டிஎன்எஸ் என்பது ஒரு கேள்வி, ஒரு பதில். கார்டில் எழுதி முடிப்பதற்குள் கதை முடிந்திருக்கும். ஆனால் கர்னல் அட்டவணையில் அந்த வரி 30 விநாடி கிடக்கும்.

அரசலாறு எழுதியது:

மைனர், கையைக் கொடுங்கள். நேற்று 7:20-க்குப் பார்த்தேன்: வரம்பு 2,62,144, உள்ளே 1,90,000-க்கு மேல். பட்டியலிட்டால் பத்துக்கு ஒன்பது 53-ஆம் போர்ட், அதாவது டிஎன்எஸ்.

ஃபயர்வாலின் ரா டேபிளில் 53-க்கு நோட்ராக் (கான்ட்ராக்கில் குறிக்காதே என்ற விதி) போட்டேன். போட்டதும் டிஎன்எஸ் செத்தது! கேபிள்காரரிடமிருந்து வந்த போனை இங்கே எழுத முடியாது. கண்காணிப்பு இல்லாத பாக்கெட்டுக்கு "ஏற்கெனவே உள்ள இணைப்பு" விதி பொருந்தாது என்பதை மறந்துவிட்டேன். சந்தாதாரர் கேள்வி உள்ளே, பதில் வெளியே, நம் சர்வர் வெளியே கேட்பது, அதன் பதில் உள்ளே என்று நான்கு விதி தனித்தனியாக எழுதியதும் எழுந்தது. எண்ணிக்கை இருபதாயிரத்துக்குக் கீழே இறங்கி, அந்தக் கோர் இப்போது 30 சதவீதத்தில் இருக்கிறது.

கார்டை விற்க மனசில்லை. பேக்கப் பாதையில் போட்டிருக்கிறேன், அங்கே வாடிக்கையாளர் விஎம் கிடையாது. ஸ்விட்ச்டெவ் சோதனையை அதில்தான் செய்யப்போகிறேன்.

தலைமடை எழுதியது:

ஆரம்பிக்கும் முன் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிடு. அப்புறம் அந்த நான்கு விதியில் நான்காவதைத் திரும்பப் பார். மூல போர்ட் 53 என்று மட்டும் எழுதியிருந்தால், எவன் வேண்டுமானாலும் தன் பாக்கெட்டில் 53 என்று எழுதிக்கொண்டு அந்த விஎம்மின் எந்த யுடிபி போர்ட்டுக்கும் வருவான். வெளியே கேட்கும் போர்ட்டுகளுக்கு ஒரு எல்லை கட்டி, விதியை அதற்குள் அடக்கு.