விலை குறைந்த மாடி இருக்கை: வட ஆற்காட்டு ரசிகர்களின் அனுபவப் பகிர்வு

காட்பாடி ரசிகர்:

டிசம்பர் இசை விழாவுக்கு நம் பக்கத்திலிருந்து ரயிலேறிச் சென்று வருபவர்கள் இங்கே பலர் இருப்பதால், சென்னை மியூசிக் அகாதெமியைப் பற்றியோ 1,500 பேருக்கு மேல் அமரக்கூடிய அதன் டி.டி.கே. அரங்கத்தைப் பற்றியோ நான் விளக்கப் போவதில்லை. அம்மாவை அங்கே ஒரு மாலைக் கச்சேரிக்கு அழைத்துச் சென்றிருந்தேன். பால்கனிக்கு டிக்கெட் கேட்டதும் அவர் என் கையைப் பிடித்து, "பால்கனியெல்லாம் எதுக்குப்பா, கீழேயே வாங்கு, காசு மிச்சமாகும்" என்றார். வேலூர்த் திரையரங்குகளில் பால்கனிக்குத்தான் கூடுதல் விலை என்று காலமெல்லாம் பார்த்துப் பழகியவர் அவர். சபாக்களில் கணக்கு நேர்மாறானது. வெண்திரை பெரியது, தள்ளி அமர்ந்தால்தான் முழுவதும் கண்ணில் அடங்கும் என்பதால் திரையரங்கில் தூரத்துக்கு விலை வைத்தார்கள். பாடுபவர் ஆளுயரம்தான் என்பதால் சபாவில் அருகாமைக்கு விலை வைக்கிறார்கள்.

மிருதங்கம் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கும் முன் மிருதங்கக்காரர் விரலைத் தண்ணீரில் நனைத்து, வாத்தியத்தின் இடப்பக்கமான தொப்பியில் ஒட்டியிருந்த ரவையை அழுத்திச் சரிசெய்தார். அம்மா வானொலியில் எத்தனையோ கச்சேரி கேட்டவர். அது என்ன மாவு என்று கேட்டார். பிசைந்த ரவையை இடப்பக்கத் தோலில் அப்புவதால்தான் கும்மென்ற அந்த ஆழ்ந்த ஒலி பிறக்கிறது என்று சொன்னேன். மிருதங்கக்காரர் நமக்கு இடப்புறம், பக்கவாட்டில் திரும்பி, வலக்கை வாசிக்கும் பக்கமான வலந்தலை சபையை நோக்கியிருக்கும்படி அமர்கிறார். கீழே இருப்பவர்களுக்கு அவருடைய வலக்கை மட்டுமே நன்றாகத் தெரியும். இடக்கை வாத்தியத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். மேலிருந்து பார்த்தால் இரண்டு கைகளும் தெரிகின்றன. அம்மா தம் இடக்கையை முழங்கால்மேல் வைத்து அவருடைய இடக்கையோடு சேர்ந்து தட்டத் தொடங்கினார்.

அப்போதுதான் பக்கத்து இருக்கைக்காரர் கேன்டீனுக்கு எழுந்தார். போகிற போக்கில், "இங்கே உட்கார்ந்து என்னம்மா தெரியும்? கீழே இடம் காலியாகுது, போய் உட்காருங்க" என்றார். அம்மாவின் கை நின்றுவிட்டது. "நாம மட்டமான இடத்திலயா உட்கார்ந்திருக்கோம்?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். தனி முடியும் வரை அந்தக் கை மீண்டும் அசையவில்லை. கீழே போயிருந்தால் அந்த இடக்கையை அவர் பார்த்திருக்கவே மாட்டார் என்பதை அந்தப் பெரியவருக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று இன்றும் எனக்குத் தோன்றுகிறது.

ஆரணி, நடனம் கற்கும் பெண்ணின் தாய்:

காட்பாடி ஐயா சொல்வது கச்சேரிக்குப் பொருந்தலாம். நடனத்துக்குப் பாதிதான் பொருந்தும். என் மகளும் நானும் சென்னையில் ஒரு பெரிய அரங்கத்தில் பால்கனியின் நடுவில் அமர்ந்து பரதநாட்டியம் பார்த்தோம். காலசைவே முதன்மையான ஜதிஸ்வரமும் தில்லானாவும் மேலிருந்து பார்க்க வேண்டியவை. அதில் எனக்குச் சந்தேகமில்லை. கீழே முன்வரிசைகளில் மேடையின் விளிம்பும் முன்னால் இருப்பவர்களின் தலைகளும் ஆடுபவரின் பாதங்களை மறைத்துவிடுகின்றன. மேலே என் மகள் ஒவ்வோர் அடவையும், அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவையும், விரலால் எண்ணிக்கொண்டே வந்தாள். அரைமண்டியில் முழங்கால் எவ்வளவு விரிகிறது, குழுவாக ஆடும்போது கோலம் எப்படி மாறுகிறது என்பதெல்லாம் தெளிவாகத் தெரிந்தன.

பிறகு முகபாவத்தால் பொருள் சொல்லும் பதம் வந்தது. ஆடியவர் ஏறக்குறைய அசையாமல் நின்று, தலையை மட்டும் சற்றே திருப்பினார். உடனே கீழே அமர்ந்திருந்த சபை முழுவதும் சிரித்தது. மேலே ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. கண்ணாலோ உதட்டாலோ அவர் ஏதோ சொல்லியிருக்கிறார். அது எங்கள் உயரத்துக்கு வந்து சேரவில்லை. "என்னம்மா பண்ணாங்க?" என்று மகள் கேட்டாள். எனக்கும் தெரியவில்லை. அந்தச் சிரிப்பின் காரணத்தை நாங்கள் இருவரும் ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் ஊகித்துக்கொண்டே வந்தோம். விலை குறைந்த இருக்கையில் எதுவும் குறைவதில்லை என்று சொல்வதை ஆகவே என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ராணிப்பேட்டை, ஒலிபெருக்கி நிலையம் நடத்தியவர்:

இருவரும் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றியே பேசுகிறீர்கள். கச்சேரிக்குப் போவது கேட்பதற்காக. கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகளில், பால்கனிக்கு அடியில், பால்கனியைவிடக் கூடுதல் விலை கொடுத்து நான் ஒருமுறை அமர்ந்தேன். வயலின்காரர் மேல் ஸ்தாயிக்குப் போனபோது முன்பாதிச் சபை "ஆஹா" என்றது. எனக்கோ பக்கத்து அறையில் யாரோ வாசிப்பதுபோல மழுங்கிக் கேட்டது. ஒரு பாட்டு முடிந்ததும் மாடிக்கு ஏறி, காவலரிடம் கேட்டுக்கொண்டு, பால்கனியின் முன்பகுதியில் நின்று கேட்டபோது அதே வயலின் மூடி திறந்த பாத்திரம்போல ஒலித்தது. என் கதை அவ்வளவுதான். ஆனால் இதன் காரணம் தெரிந்தால் டிக்கெட் எடுக்க உதவும் என்பதால் எழுதுகிறேன்.

அரங்கத்தில் ஒலி இரண்டு விதமாக வருகிறது. மேடையிலிருந்தோ ஒலிபெருக்கியிலிருந்தோ நேராக வருவது ஒன்று. கூரையிலும் சுவரிலும் பட்டுத் திரும்பி வருவது மற்றொன்று. பால்கனியின் அடியில் அமர்ந்தவருக்கு இரண்டாவது வகை மிகவும் குறைந்துவிடும், ஏனென்றால் உயர்ந்த கூரையிலிருந்து திரும்பும் ஒலியைத் தலைக்கு மேலுள்ள தாழ்ந்த தளம் தடுத்துவிடுகிறது. பால்கனிக்கு அடியிலுள்ள ஆழம் அதன் திறப்பின் உயரத்தைவிட மிகக் கூடாது என்பது கச்சேரி மண்டபம் கட்டுபவர்கள் பின்பற்றும் விதி. பழைய மண்டபங்கள் பலவற்றில் இந்த விதி கடைப்பிடிக்கப்படவில்லை. ஆகவே கீழே கடைசி ஐந்தாறு வரிசைகள் மட்டும் மீதமிருக்கின்றன என்று கவுண்டரில் சொன்னால், அந்தப் பணத்தில் பால்கனியின் இரண்டாம் மூன்றாம் வரிசையை வாங்குங்கள்.

முதல் வரிசையை வாங்காதீர்கள். பால்கனியின் முன்விளிம்பில் பாதுகாப்புக்காகக் கம்பி இருக்கும். உயரம் குறைந்தவர்களுக்கு அந்தக் கம்பி சரியாகப் பாடகரின் முகத்துக்குக் குறுக்கே வரும். முழங்காலுக்கும் தடுப்புக்கும் நடுவே இடமும் இருக்காது. இரண்டாம் வரிசை ஒரு படி உயர்ந்துவிடுவதால் கம்பி கீழே போய்விடும். ஓரங்களில் கட்டணம் இன்னும் குறைவாக இருந்தால், மிருதங்கக்காரரின் முகத்தைப் பார்க்க விரும்புபவர் நமக்கு வலப்புறமுள்ள ஓரத்தையும், வயலின்காரரின் முகத்தைப் பார்க்க விரும்புபவர் இடப்புற ஓரத்தையும் எடுக்கலாம். மிருதங்கக்காரர் இடக்கைப் பழக்கமுள்ளவராக இருந்தால் இருவரும் இடம் மாறி அமர்வார்கள். அப்போது இந்தக் கணக்கும் மாறும்.

மிகவும் பின்னால் போனால் தாமதம் தெரியும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி அமர்ந்தவருக்கு, பாடகர் தொடையில் போடும் தாளம் கண்ணில் பட்டுப் பத்தில் ஒரு நொடி கழித்தே அதன் ஓசை காதில் விழும். திருவிழாவில் தெரு நீளத்துக்குக் கூம்பு ஒலிபெருக்கி கட்டினால் ஒரே சொல் இரண்டு முறை கேட்பதும் இதனால்தான். பால்கனியின் கடைசி வரிசையில் குளிர்சாதனக் காற்று நேராகத் தலையில் இறங்குவதும் உண்டு. வயதானவர்களுக்குச் சால்வை எடுத்துச் செல்லுங்கள். காட்பாடிக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர் திரும்ப வேண்டியவர்கள் வரிசையின் நடுவில் அமராமல் நடைவழியை ஒட்டிய இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். நிறைவாக மங்களம் பாடும்போது எவர் காலையும் மிதிக்காமல் எழுந்து சென்ட்ரலுக்குப் போக முடியும்.

செய்யாறு, கூத்து ரசிகர்:

ராணிப்பேட்டை ஐயாவின் விளக்கம் பயனுள்ளது. ஆனால் ஆரணிச் சகோதரி கேட்டதற்கு அதில் விடையில்லை. முகம் ஏன் மேலே எட்டவில்லை என்பதே அவருடைய கேள்வி. நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்து விழாவில் அர்ச்சுனன் தபசு நாளன்று எனக்குக் கிடைத்த இடம் கூட்டத்தின் கடைசி விளிம்பு. பாய் விரித்து முன்னால் இடம் பிடித்தவர்களின் தலைகளைத் தவிர எதுவும் தெரியாது என்று நினைத்தேன். வேடம் கட்டியவர் பாடிக்கொண்டே, தபசு மரம் எனப்படும் உயரமான கம்பத்தில் ஏறத் தொடங்கினார். ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. அவர் ஏற ஏறக் கூட்டத்தின் முன்வரிசை கழுத்தை வளைத்து அண்ணாந்தது. கடைசியில் நின்ற எனக்குக் கழுத்தே வலிக்கவில்லை. உச்சியிலிருந்து அவர் எறிந்த எலுமிச்சம்பழத்துக்காகக் கீழே பெண்கள் முந்தானை ஏந்தி நின்றதைக்கூட முழுவதுமாகப் பார்த்தேன். அங்கே பார்ப்பவரை மாடியில் ஏற்றாமல் ஆடுபவரை ஏற்றிவிட்டார்கள்.

கூத்து தொலைவிலிருந்து பார்ப்பவரை எண்ணிச் செய்யப்பட்ட கலை. கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும், முகத்தில் அழுத்தமாக எழுதும் வண்ணமும், இருட்டில் கடைசி ஆளுக்கும் இவர் துரியோதனன், இவர் அர்ச்சுனன் என்று சொல்லிவிடும். சிறிய குழல் வாத்தியமான முகவீணையின் ஓசை ஊர் எல்லை வரை போகும். பதமோ கோயிலிலும் அரசவையிலும் சிறிய கூட்டத்துக்கு, சில அடித் தொலைவில் ஆடப்பட்டு வளர்ந்தது. அதை ஆயிரம் பேர் மண்டபத்தில் வைத்தால், கடைசியில் இருப்பவருக்குப் புருவம் தெரியாததில் வியப்பில்லை. அந்தச் சிரிப்பைத் தவறவிட்டதற்குச் சகோதரியின் இருக்கை காரணமல்ல. அந்தக் கலைக்கு அவ்வளவு பெரிய அரங்கம் பொருந்தவில்லை என்பதே காரணம். பதமும் அதைப் போன்ற ஜாவளியும் பார்க்க மகளை அழைத்துச் செல்வதானால் சிறிய சபாவைத் தேடுங்கள். பெரிய சபாக்களிலும் மதிய நேரத்தில் இளம் கலைஞர்களின் நிகழ்ச்சிகள் பல இலவசமாகவே நடக்கின்றன; அப்போது முன்வரிசையிலேயே இடம் கிடைக்கும்.

குடியாத்தம் வாசகர்:

காட்பாடி ஐயாவின் தாயார் சொன்னதைப் படித்ததும் என் நைனாவின் நினைவு வந்தது. பெரிய திரையரங்கு ஒன்றில் அம்மா பெண்கள் வரிசையில் நின்றதால் எப்போதும் பால்கனி டிக்கெட் எளிதாகக் கிடைத்துவிடும். ஒருநாள் நைனா, வீண்செலவு என்று சொல்லி, பால்கனிக்கு நேர் கீழே கடைசி வரிசையில் எங்களை உட்கார வைத்தார். பால்கனியின் அடிவிளிம்பு திரையின் மேல்பகுதியை வெட்டிவிட்டது. நாயகன் எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அவனுக்குத் தலை இல்லை. நைனா படம் முழுவதும் முன்னால் குனிந்தே அமர்ந்திருந்தார்; ஒரு வார்த்தை பேசவில்லை. ராணிப்பேட்டை ஐயா காதுக்குச் சொன்ன விதி கண்ணுக்கும் பொருந்தும் என்பதற்காக இதை எழுதுகிறேன். திரையரங்கில் மலிவாக வேண்டுமானால் கீழ்த்தளத்தின் நடு வரிசைகளில், பால்கனியின் விளிம்பு தலைக்கு மேல் வராத இடத்தில் அமர வேண்டும்.

வாணியம்பாடி ரசிகை:

எங்கள் ஊரிலிருந்து பெங்களூருக்கும் போக முடிவதால் சௌடையா நினைவு மண்டபத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஏழு தந்தி வயலின் வாசித்த டி. சௌடையாவின் நினைவாக, வயலின் வடிவத்திலேயே கட்டி 1980இல் திறந்த மண்டபம் அது. அங்கேயும் பால்கனியில்தான் அமர்ந்தேன். முதல் வரிசையை வாங்கவே கூடாது என்ற ராணிப்பேட்டை ஐயாவின் அறிவுரையை எல்லோருக்கும் பொதுவாக ஏற்க இயலாது. என் அக்காவுக்கு முழங்கால் வலி. பால்கனிப் படிகள் செங்குத்தானவை, விளக்கு அணைந்த பிறகு விளிம்பு தெரியாது. நாங்கள் எங்கே போனாலும் நுழைவாயில் பால்கனியின் எந்த மட்டத்தில் திறக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு, அந்த மட்டத்திலுள்ள வரிசையையே வாங்குகிறோம். அது முதல் வரிசையானாலும் சரி, கடைசியானாலும் சரி. அன்று ஆலாபனை நடுவே, எங்களுக்கு மேலே ஒரு பெரியவர் படி தவறித் தடுமாறியபோது நான்கு கைகள் ஒரே நேரத்தில் நீண்டு அவரைப் பிடித்தன. அவர் அமர்ந்த பிறகும் அவருடைய கை நடுங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். ராகம் என்ன என்பது எனக்கு நினைவில்லை. காட்பாடி ஐயா, அடுத்த சீசனில் உங்கள் அம்மாவை மீண்டும் மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். டிக்கெட் எடுக்கும் முன் வாசல் எந்த வரிசையருகே இருக்கிறது என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.