கட்டடத்துக்கும் சேவைக்கும் ஒரு சொல்: ‘அணுகல்’ போதுமா?

குழுவினர்க்கு வணக்கம்.

நகராட்சிப் பொறியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40ஆம் பிரிவில், கட்டடம், போக்குவரத்து, தகவல் தொடர்பு மூன்றையும் ‘அக்ஸஸிபிலிட்டி’ (மாற்றுத்திறனாளிகள் தடையின்றிப் பயன்படுத்தத் தக்க நிலை) என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்குள் அடக்குகிறது. கைப்பேசித் திரையில் இதனை ‘அணுகல்தன்மை’ என்கிறார்கள். அரசு அறிவிப்புகளில் ‘தடையற்ற சூழல்’ என்று வருகிறது. சாய்தளத்துக்கும் பிரெயில் படிவத்துக்கும் ஒருசேரப் பொருந்தும் சொல் எது?
— த.

அம்மையீர்,

‘அணுகல்தன்மை’ புணர்ச்சிப் பிழை. லகர ஈற்றின்முன் தகரம் வரின் இரண்டும் றகரமாகத் திரியும். கல்லும் தூணும் கற்றூண் ஆவதுபோல இது ‘அணுகற்றன்மை’ என்றே நிற்க வேண்டும். அண்மை, அண்டை, அணை, அணுகு அனைத்தும் ‘அண்’ என்னும் ஒரே வேரில் கிளைத்தவை. அண்ணனும், என் துணிபில், அண்மையில் நின்று காப்பவனே.

எனினும் நான் பரிந்துரைப்பது ‘எளிவு’. நம்மாழ்வார் ‘எத்திறம்’ என்று வியந்த இடத்தில் ‘உரலினொடு இணைந்திருந்து ஏங்கிய எளிவே’ என்கிறார். எட்டாத பரம்பொருள் ஆய்ச்சி கைக்கு எட்டிய அந்நிலையை உரைகாரர்கள் சௌலப்பியம் என்பார்கள். குறளும் நல்ல அரசனைக் ‘காட்சிக்கு எளியன்’ என்கிறது. மனிதன் ஏறிப் போவதன்று, கட்டடம் இறங்கி வருவதே இங்குக் கருத்தாதலின், எளிவே தகும்.
— மு.

புலவர் ஐயா,

நான் பார்வையற்றவன், உங்கள் மடலைத் திரைவாசிப்பான் வழியாகக் கேட்டேன். ‘அணுகற்றன்மை’ என்பது என் காதில் ‘அணுகல் அற்ற தன்மை’ என்றே விழுந்தது. மூன்று முறை பின்னோக்கிச் சென்று எழுத்தெழுத்தாகக் கேட்ட பிறகுதான் நீங்கள் எதிர்ப்பொருளைச் சொல்லவில்லை என்று தெளிந்தேன். விதி சரியாகவே இருக்கலாம். பொருளைத் தலைகீழாக்கும் இடத்தில் சொற்களைப் பிரித்து எழுதிவிடுவதே நல்லது.

‘எளிவு’ செவிக்கு இனியதுதான். ஆனால் எங்கள் தென்பகுதிப் பேச்சில் ‘இழிவு’ என்பது ‘இளிவு’ என்றே ஒலிக்கும். ‘எளிவு வாயில்’ என்று யாரேனும் வாசித்துக் காட்டினால் எந்த வாயில் என்று திகைப்பேன். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. சௌலப்பியம் என்பது இறைவன் தானே விரும்பிக் காட்டும் அருள். நாங்கள் கேட்பது உரிமை. தர அளவுகளை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த விதி சட்டத்துக்கு முரணானது, கட்டாயமான அளவுகளை வகுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று தீர்ப்பளித்த பிறகு, அருளைக் குறிக்கும் சொல்லுக்கு நாம் ஏன் திரும்ப வேண்டும்?
— கா.

நண்பர்களே,

சக்கர நாற்காலியில் செல்பவன் என்ற முறையில் ‘அணுகல்’ மீதே எனக்கு ஐயம் உண்டு. சென்ற மாதம் ஓர் அலுவலகத்துக்குப் போனேன். பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில், இருபுறமும் கைப்பிடியோடு, சாய்தளம் ஒழுங்காகவே இருந்தது. ஏறி முடித்த இடத்தில் நான்கு விரல் உயர நிலைப்படி குறுக்கே கிடந்தது. எழுத்தர் வெளியே வந்து, என் மடியில் மனுவை வைத்துக் கையொப்பம் வாங்கிச் சென்றார். அன்று எனக்கு அணுகல் முழுமையாகக் கிடைத்தது. உள்ளே போகத்தான் முடியவில்லை.

‘அகலாது அணுகாது தீக்காய்வார்’ என்ற குறளில் அணுகுதல் நெருங்குதலே, நுழைதலன்று. 2022 நவம்பரில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறந்த மரப்பாதைக்கு (அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது) அச்சொல் பொருந்தும், ஏனெனில் கடலருகே போய் நின்றாலே நிறைவு. அலுவலகத்துக்கு ‘புகல்’ வேண்டும்.
— செ.

‘புகல்’ என்றதும் புகலிடமும் ஏதிலியரும் நினைவுக்கு வருவர்; சொல்லுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு; சீர்காழிக்கே புகலி என்றொரு பெயர் உண்டு. பிரெயில் படிவத்துக்குள் யார் புகுவார்?
— மு.

மாற்றுத்திறனாளிகளின் அணுகலுக்காக 2015 டிசம்பர் 3 அன்று தொடங்கிய நடுவண் அரசின் இயக்கத்துக்கு ‘சுகம்ய பாரத்’ என்று பெயர். ‘சுகம்ய’ என்பதும் எளிதிற் செல்லத்தக்கது என்ற அளவில் நிற்பதுதான். வாசலோடு நிற்கும் குறை தமிழுக்கு மட்டும் உரியதன்று.
— வே.

அனைவருக்கும் நன்றி.

நாளை காலைக்குள் கோப்பை அனுப்பியாக வேண்டும். நால்வர் ‘அணுகல்’ போதும் என்று தனி மடலில் எழுதியிருப்பதால் அதையே வைக்கிறேன். வரையறைப் பகுதியில் ‘நெருங்கவும் நுழையவும் பயன்படுத்தவும் தக்க நிலை’ என்று விரித்து எழுதிவிடுகிறேன். ‘தன்மை’ வேண்டிய இடங்களில் இடைவெளி விட்டு ‘அணுகல் தன்மை’ என்று அச்சிடச் சொல்லியிருக்கிறேன்.
— த.

இடைவெளி விட்டாலும் விதி விதிதான். என் மறுப்பைப் பதிவு செய்க.
— மு.

வரையறையை ஏற்கிறேன். கதவைப் பற்றிய பக்கத்தில் மட்டுமாவது ‘புகல்’ என்று போட இயலுமா? நிலைப்படி உயரத்தைப் பொறியாளர் தேடிப் பார்ப்பது அந்தப் பக்கத்தில்தான்.
— செ.