அம்மாவின் முதல் விமானப் பயணம், திருச்சி – சிங்கப்பூர்: என்ன உடுத்தலாம், எதை எந்தப் பையில் வைக்கலாம்?

காவிரிக்கரை:
அம்மாவுக்கு 68 வயது. அடுத்த மாதம் திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குத் தனியாகப் போகிறார். புடவைதான் கட்டுவார். தாலிக்கொடி, மெட்டி, வளையலைக் கழற்றச் சொல்வார்களோ என்று பயப்படுகிறார். ஒரு முழங்காலில் மூட்டு மாற்று சிகிச்சை நடந்திருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்கிறார். எடுத்துவைத்திருப்பவை: இட்லிப்பொடி, மாவடு, நல்லெண்ணெய், கொப்பரை, கசகசா, பூஜைக்குக் கற்பூரம். எது கைப்பையில், எது பெரிய பெட்டியில்?

மலைக்கோட்டை:
நகைக்குக் கவலைப்படாதீர்கள். நம் விமான நிலையங்களில் உலோகம் கண்டுபிடிக்கும் கதவுச்சட்டம் சத்தம் போட்டாலும் போடாவிட்டாலும், பெண்களைத் திரை போட்ட தடுப்புக்குள் கூப்பிட்டுப் பெண் காவலர் கைக்கருவியால் சோதிப்பார். தாலி, மெட்டி இருக்கும் இடத்தில் கருவி கத்தும், பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார். கழற்ற வேண்டாம், தட்டில் போட்டால்தான் நகை காணாமல் போகும். முழங்காலைப் பற்றிக் கருவியை வைக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும், மருத்துவர் கடிதம் கையில் இருக்கட்டும்.

தொல்லை கொடுப்பது ஊக்குதான். கொசுவத்தில் ஒன்று, முந்தானையில் இரண்டு, இடுப்பில் ஒன்று என்று குத்தினால் ஒவ்வொன்றுக்கும் கருவி கத்தும், ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்பார்கள். கொசுவத்தையும் முந்தானையையும் அதே நிற நூலால் நாலு தையல் போட்டுவிடுங்கள். சரிகை கனத்த பட்டு வேண்டாம். மெல்லிய பருத்திப் புடவை, மேலே ஒரு சால்வை, ஒட்டுப்பட்டை வைத்த செருப்பு. நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் கால் வீங்கும், இறுக்கமான மெட்டி அப்போது வலிக்கும். மெட்டி இறுக்கமாக இருந்தால் முதல் நாளே தளர்த்திக்கொள்ளச் சொல்லுங்கள்.

தனியாகப் போவதால் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட்டிலேயே பதிந்துவிடுங்கள். வரிசையில் நிற்கும் நேரமும் வழி தேடும் பதற்றமும் குறையும்.

பெட்டிக்கட்டி:
கொப்பரையும் கற்பூரமும் எந்தப் பையிலும் கூடாது. கொப்பரையில் எண்ணெய்ச்சத்து அதிகம், தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்ற வகையில் வருகிறது. கற்பூரம், தீப்பெட்டி பற்றிச் சொல்லவே வேண்டாம்.

பொடி, மாவடு, எண்ணெய் மூன்றும் பெரிய பெட்டிக்கு. கைப்பையில் திரவம் என்றால் ஒரு புட்டி 100 மில்லிக்கு மிகக்கூடாது, எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் ஒளிபுகும் பையில் அடங்க வேண்டும். 200 மில்லி புட்டியில் கால்வாசிதான் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை, புட்டியின் அளவுதான் கணக்கு. உறைந்த தேங்காய் எண்ணெயும் திரவம்தான்.

எண்ணெய்ப் புட்டியை விளிம்பு வரை நிரப்பாதீர்கள், மேலே காற்றழுத்தம் குறையும்போது மூடி வழியே கசியும். மூடியைத் திறந்து, வாயில் பிளாஸ்டிக் தாளை இரண்டு மடிப்பாக வைத்து, மேலே மூடியைத் திருகி, வெளியே டேப் சுற்றி, ஜிப் பையில் போட்டு, துணிகளுக்கு நடுவில் வையுங்கள். மாவடுவுக்கும் இதே முறை.

பவர் பேங்க் மட்டும் இதற்கு நேர்மாறு: கைப்பையில்தான் போக வேண்டும். சரக்கு அறையில் தீப்பிடித்தால் யாராலும் எட்டி அணைக்க முடியாது. 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்-அவர், 100 வாட்-அவர் வரை தனி அனுமதி தேவையில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் இரண்டிலும் 2025 ஏப்ரல் 1 முதல் பறக்கும்போது அதைப் பயன்படுத்தவும் கூடாது. பெரிய பெட்டிக்குள் இருந்தால் எக்ஸ்ரேயில் தெரிந்து, பெட்டியைத் திறக்க அம்மாவைத் திரும்பக் கூப்பிடுவார்கள்.

புங்கோல்வாசி:
கசகசாவை வீட்டிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள், இது விளையாட்டில்லை. சிங்கப்பூரில் அது தடை செய்யப்பட்ட பொருள், குருமாவுக்கு என்று சொன்னாலும் செல்லாது. மெல்லும் புகையிலை, சூயிங்கமும் அப்படித்தான். வெற்றிலைப் பெட்டி கொண்டுவந்தால் உள்ளே புகையிலை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். உறைந்தால் மருந்து கெட்டுவிடும், சரக்கு அறையில் குளிர் எவ்வளவு இருக்கும் என்பது நம் கையில் இல்லை. ஊசி, பேனாவோடு மருத்துவர் சீட்டு வேண்டும். மாத்திரைகளை டப்பாவில் கொட்டாமல் அட்டையோடு, மூன்று மாதத்துக்கு மிகாமல். தூக்க மாத்திரையோ கோடீன் கலந்த இருமல் மருந்தோ இருந்தால் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டியிருக்கும்.

சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்கும் நாளோடு சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்புங்கள். கட்டணமே கிடையாது, பணம் கேட்கும் தளம் எதுவும் அரசுடையது அல்ல.

காவிரிக்கரை:
கசகசாவை எடுத்துவிட்டேன், நன்றி. வழியில் சாப்பிட தயிர்சாதம் கொடுக்கலாமா?

மலைக்கோட்டை:
தயிரைத் திரவம் என்று நிறுத்த வாய்ப்புண்டு. எண்ணெய் வடியாமல் பொடி தடவிய இட்லி நாலு, அல்லது புளியோதரை. காலித் தண்ணீர்ப் புட்டி ஒன்று வையுங்கள், சோதனை முடிந்ததும் உள்ளே நிரப்பிக்கொள்ளலாம்.

புங்கோல்வாசி:
திரும்பும்போது ஒன்று: சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் முதல் மூன்று டெர்மினல்களில் சோதனை நுழைவிலேயே நடக்காது, விமானத்தில் ஏறும் வாயிலில்தான் நடக்கும். குடியேற்றம் தாண்டி உள்ளே வாங்கிய தண்ணீரையும் அங்கே கொட்டச் சொல்வார்கள். வாயிலுக்குப் போகும் முன்பே குடித்துவிட்டு, கழிப்பறைக்கும் போய்வரச் சொல்லுங்கள்.