முப்பதைத் தாண்டி ஜெர்மனியில் படிப்பு: குழந்தை, நாய், பூனை சகிதம் போகிறவர்களுக்கு

தொடங்கியவர்:
இருபத்திரண்டு வயதில் ஒற்றைப் பெட்டியோடு போகிற பிள்ளைகளுக்கு வழிகாட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, நாயையும் பூனையையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் ஆள் இல்லை. நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், வாழ்க்கைச் செலவுக்கென ஆண்டுக்கு 11,904 யூரோ முன்கூட்டியே போடவேண்டிய பிளாக்டு அக்கவுன்ட் எல்லாம் எல்லோருக்கும் பொது. அதற்கு வேறு இழைகள் உண்டு. ஏர்போர்ட்டில் அழுத கதையும் வேண்டாம். தேதி, அளவு, எங்கே மாட்டும், ஏன் மாட்டும், இவை மட்டும் எழுதுங்கள்.

ராஜபாளையம் ரசிகர்:
முதலில் நாய், பூனை. ஏனென்றால் இந்தப் பயணத்தில் மிக நீளமான காத்திருப்பு விசாவுக்கு இல்லை, ரத்தப் பரிசோதனைக்குத்தான். அட்மிஷன் கடிதம் கைக்கு வந்த பிறகு ஆரம்பிக்கலாம் என்று இருந்தால், அக்டோபரில் நீங்கள் அங்கே இருப்பீர்கள், நாய் இங்கே இருக்கும்.

ரேபிஸ் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை. அதனால் வரிசை இப்படி: மைக்ரோசிப், ரேபிஸ் ஊசி, குறைந்தது 30 நாள் இடைவெளி, ரத்தம், ரத்தம் எடுத்த தேதியிலிருந்து 3 மாதம். வரிசை மாறக்கூடாது. சிப் போடுவதற்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது, நாலு வருஷமாகத் தவறாமல் போட்டிருந்தாலும் சரி. சிப்பும் ஊசியும் ஒரே நாளில் போடலாம், ஆனால் சிப் முதலில். சிப் 15 இலக்கம், ஐஎஸ்ஓ 11784/11785 தரம். வேறு தரத்துச் சிப் ஏற்கெனவே இருந்தால் அதைப் படிக்கும் ரீடரையும் நீங்களே சுமந்துகொண்டு போக வேண்டும். புதிதாக ஒன்று போட்டு, ஊசியையும் மறுபடி போட்டுவிடுவது எளிது. குட்டிக்கு 12 வாரம் ஆன பிறகுதான் ஊசி. ஆக எப்படிச் சுருக்கினாலும் ஏறக்குறைய 7 மாதம் ஆகாத குட்டி ஜெர்மனிக்குள் நுழைய வழியில்லை.

ரத்தம் எடுக்கும் அன்று டாக்டரை ஸ்கேனரால் சிப்பைப் படிக்கச் சொல்லுங்கள். பழைய புத்தகத்தைப் பார்த்து எண்ணை எழுதினால் ஒரு இலக்கம் இடம் மாறும். ரிப்போர்ட் வந்த பிறகு திருத்துவது பெரும் பாடு. சீரம் பிரித்துத்தான் அனுப்ப வேண்டும், முழு ரத்தமாக அல்ல. சீரம் சிவந்திருந்தால் லேப் திருப்பிவிடும். ஐரோப்பிய ஆணையம் அங்கீகரித்த லேப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். ரத்தத்தில் ரேபிஸ் எதிர்ப்புப்பொருள் (ஆன்டிபாடி) இருக்க வேண்டிய அளவு மில்லிலிட்டருக்கு 0.5 ஐயூ அல்லது அதற்கு மேல். முதல் முறை ஊசி போட்ட நாய்களில் இந்த அளவு சீக்கிரம் இறங்கும். ஊசி போட்டு ஐந்து, ஆறு வாரத்தில் எடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். ஆறு மாதம் கழித்து எடுத்தால் தோற்க வாய்ப்பு அதிகம். தோற்றால் மறுபடி ஊசி, மறுபடி ரத்தம், மறுபடி 3 மாதம். அதனால்தான் ஜனவரியிலேயே தொடங்கச் சொல்கிறேன். போக முடியாமல் போனாலும் நஷ்டம் சிப், ஊசி, லேப் கட்டணம் மட்டுமே. அந்த ரிப்போர்ட்டும் வீணாகாது: பூஸ்டர் ஒரு நாள்கூடத் தவறாமல் தொடரும் வரை ஒரே ரத்தப் பரிசோதனை ஆயுளுக்கும் செல்லும். ஒரு நாள் தவறினால் எல்லாம் பூஜ்யத்திலிருந்து.

பூனைக்காரி:
பூனைக்கும் இதே விதி. வீட்டை விட்டு வெளியே போகாத பூனை என்று சொல்வதெல்லாம் எடுபடாது.

சான்றிதழ் பற்றி. உங்கள் டாக்டர் தரும் ஃபிட்னஸ் சான்று மட்டும் போதாது. மத்திய அரசின் விலங்கு குவாரன்டைன் அலுவலகத்தில் நேரில் காட்டி, அரசு கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். சென்னையில் அந்த அலுவலகம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் படிவம் தனி. அதில் ஆங்கிலத்தோடு, முதலில் இறங்கும் நாட்டின் மொழியும் இருக்க வேண்டும். ஃப்ராங்க்ஃபர்ட்டில் இறங்குகிறவர் ஜெர்மன்–ஆங்கிலப் படிவத்தையும், பாரிஸில் இறங்கி மாறுகிறவர் பிரெஞ்சுப் படிவத்தையும் எடுக்க வேண்டும். கூகுளில் முதலில் கிடைத்ததை அச்சடித்துக் கொண்டுபோய் நிற்பவர்கள் நிறைய. முத்திரை விழுந்த நாளிலிருந்து 10 நாளுக்குள் அங்கே நுழைந்துவிட வேண்டும். விற்பனைக்கு அல்ல என்று உரிமையாளர் எழுதித்தரும் உறுதிமொழியையும் கூடவே வையுங்கள்.

நீங்கள் போவதும் பிராணி போவதும் 5 நாள் இடைவெளிக்குள் இருக்க வேண்டும். "நான் அக்டோபரில் போகிறேன், அம்மா டிசம்பரில் பூனையை அனுப்புவார்" என்று திட்டமிட்டால் அது வணிக இறக்குமதிக் கணக்கில் போய்விடும். காகிதமும் செலவும் வேறு. இறங்கியதும் சுங்கத்தில் சிவப்பு வழியாகப் போய் அறிவியுங்கள். காகிதம் சரியில்லை என்றால் திருப்பி அனுப்புவார்கள், அல்லது உங்கள் செலவில் குவாரன்டைன்.

ராஜபாளையம் ரசிகர்:
விமானம். லுஃப்தான்சாவில் பையோடு சேர்த்து 8 கிலோவுக்குள் இருந்தால் கேபினில் காலடியில் வைத்துக்கொள்ளலாம். பூனைக்கும் சின்ன நாய்க்கும் இது போதும். சிப்பிப்பாறை, ராஜபாளையம், நாட்டு நாய் எல்லாம் கீழே கூண்டில்தான். வளைகுடா வழியாகப் போகும் டிக்கெட் மலிவாக இருக்கும்; ஆனால் எமிரேட்ஸ், கத்தார் இரண்டும் நாயையோ பூனையையோ கேபினில் ஏற்றுவதில்லை. சென்னை–ஃப்ராங்க்ஃபர்ட் நேரடி விமானத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது நல்லது. பக், புல்டாக், பெர்ஷியன் பூனை மாதிரி சப்பை மூக்குப் பிராணிகளை லுஃப்தான்சா 2020 முதல் கீழ்ப்பகுதியில் ஏற்றுவதில்லை.

கூண்டு அளவை அமேசானின் "லார்ஜ்", "எக்ஸ்எல்" நம்பி வாங்காதீர்கள். நாயை நிற்கவைத்து அளக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் அடி வரை ஓர் அளவு, தரையிலிருந்து முழங்கை மூட்டு வரை ஓர் அளவு. முதல் அளவோடு இரண்டாவதில் பாதியைக் கூட்டினால் கூண்டின் நீளம். தோள் அகலத்தின் இரு மடங்கு கூண்டின் அகலம். நிற்கும்போது தலை உச்சி அல்லது காது நுனி, எது உயரமோ அதுவும் விரிப்பின் கனமும் சேர்ந்தது உயரம். உடல் 65 செ.மீ., கால் 34, தோள் 18, உயரம் 68 உள்ள ஒரு நாட்டு நாய்க்குக் கூண்டின் உட்புறம் குறைந்தது 82 × 36 × 68 செ.மீ., உயரத்தில் விரிப்பின் கனம் தனி. பிளாஸ்டிக் கிளிப்பைக் கழற்றிவிட்டு உலோக போல்ட் நட்டு போடுங்கள். சக்கரம் இருந்தால் எடுத்துவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் கதவைத் திறக்காமலே வெளியிலிருந்து நிரப்பும்படி மாட்டியிருக்க வேண்டும். மயக்க மருந்து கொடுத்த நாயை ஏற்ற மாட்டார்கள். உயரத்தில் ரத்த அழுத்தம் இறங்கி உயிருக்கே ஆபத்து. இரண்டு மாதம் முன்பே கூண்டை வீட்டில் திறந்து வைத்து, அதற்குள்ளேயே சோறு வைத்துப் பழக்குங்கள்.

இனம் பற்றி ஒரு எச்சரிக்கை. பிட்புல் டெரியர், அமெரிக்கன் ஸ்டாஃபர்ட்ஷயர் டெரியர், ஸ்டாஃபர்ட்ஷயர் புல் டெரியர், புல் டெரியர், இவற்றின் கலப்பு: ஜெர்மனிக்குள் கொண்டுவரவே தடை. நம் ஊரில் தலை கொஞ்சம் அகலமாக இருந்தால் புத்தகத்தில் "பிட் மிக்ஸ்" என்று எழுதிவிடுகிற பழக்கம் இருக்கிறது. அப்படி எழுதியிருந்தால் உண்மையான இனத்தைப் போட்டுத் திருத்தி வாங்குங்கள். மாநிலத்துக்கு மாநிலம் பட்டியல் நீளும். ராட்வைலர் வைத்திருப்பவர்கள் மியூனிக் போகும் முன் பவேரியா மாநிலப் பட்டியலைப் பார்க்கவும். பச்சைக்கிளி வளர்க்கிறவர்கள் கேட்கவே வேண்டாம்: அதை வீட்டில் வைத்திருப்பதே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

லைப்சிக்வாசி:
நாய் பற்றி இவ்வளவு எழுதிவிட்டார்கள். முப்பதைத் தாண்டியவர்களின் தலையாய பிரச்சினை வேறு: ஹெல்த் இன்சூரன்ஸ்.

அரசு சார்ந்த காப்பீட்டின் மாணவர் கட்டணம் 30 வயது முடியும் செமஸ்டர் வரைதான். 35 வயதில் மாஸ்டர்ஸ் சேர்கிறவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். இந்தியாவிலிருந்து நேராக வருவதால் முந்தைய காப்பீட்டுக் காலம் இல்லை, எனவே தாமாக முன்வந்து உறுப்பினராகும் வழியும் பொதுவாக இல்லை. மிஞ்சுவது பிரைவேட். அரசுக் காப்பீட்டில் குழந்தை இலவசமாகச் சேரும். பிரைவேட்டில் குழந்தைக்குத் தனி பிரீமியம். வாங்கும்போது மாதத்துக்கு எவ்வளவு என்பதைவிட ஆலோசிக்க வேண்டியது: ஏற்கெனவே உள்ள ஆஸ்துமா, தைராய்டு, சர்க்கரை இவற்றை விலக்குகிறதா, குழந்தையின் வழக்கமான பரிசோதனைகளும் தடுப்பூசியும் உண்டா, வெளிநாட்டவர் அலுவலகம் ஏற்குமா. மலிவான பயணக் காப்பீட்டை விசாவுக்கு ஏற்றுக்கொண்டு, ரெசிடென்ஸ் பெர்மிட்டுக்கு நிராகரிப்பது சகஜம்.

"பார்ட்‌டைம் வேலை கிடைத்தால் அரசுக் காப்பீட்டில் சேர்ந்துவிடலாமே" என்று பலர் நினைக்கிறார்கள். வாரம் 20 மணி நேரத்துக்குள் வேலை பார்க்கும் மாணவருக்கு அந்த வேலையால் கட்டாயக் காப்பீடு வராது. சட்டம் அவரை மாணவராகவே பார்க்கிறது. உண்மையான வழி பிஎச்டி. பல்கலைக்கழகத்தோடு சம்பள ஒப்பந்தம் போட்டுச் சேர்கிறவர், ஐம்பது சதவீத வேலையாக இருந்தாலும், ஊழியர் கணக்கில் அரசுக் காப்பீட்டுக்குள் வந்துவிடுவார், குழந்தையும் இலவசமாக வரும். அதே பிஎச்டியை ஸ்டைபென்டில் செய்தால் வேலை ஒப்பந்தம் இல்லை, திரும்பவும் பிரைவேட். குழந்தையோடு போகிறவர் இரண்டு ஆஃபர் வைத்திருந்தால், ஸ்டைபென்ட் தொகை பெரிதாகத் தெரிந்தாலும் ஒப்பந்தத்தையே எடுங்கள் என்பேன்.

மூன்றாம் செமஸ்டர்:
குழந்தை. ஒரு வயது நிறைந்ததிலிருந்து பள்ளி சேரும் வரை கிட்டாவில், அதாவது டே கேர் பள்ளியில், இடம் கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு. உரிமை வேறு, காலியிடம் வேறு. மாணவர் நலச் சங்கமே நடத்தும் கிட்டாக்கள் பல ஊர்களில் இருக்கின்றன. கேம்பஸ் கிட்டாவுக்கு அட்மிஷன் வந்த வாரமே எழுதிவிடுங்கள். பெர்லினில் முதலில் வவுச்சர் வாங்கி அதைக் கொண்டு இடம் தேட வேண்டும். அங்கே கட்டணம் இல்லை, மதியச் சாப்பாட்டுக்கு மாதம் 23 யூரோ. மற்ற மாநிலங்களில் கட்டணம் ஊருக்கு ஊர் மாறும்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று: சேர்ந்த முதல் நாளே விட்டுவிட்டுக் கிளம்ப முடியாது. ஐன்கெவோனுங் என்ற பழக்கும் காலம் உண்டு. முதல் சில நாள் பெற்றோர் கூடவே ஒரு மணி நேரம் மூலையில் உட்கார வேண்டும். பிறகு பத்து நிமிடம் வெளியே, பிறகு அரை மணி, பிறகு தூக்கம் வரை. இரண்டு வாரம் முதல் நாலு வாரம் ஓடும். மொழி தெரியாத குழந்தைக்கு இன்னும் நீளும். வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கும். அக்டோபர் 1 இறங்கினால் முதல் மாதம் முழுக்க உங்களுக்கு வகுப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் இறுதியில் இறங்குவது பொருத்தம்.

தடுப்பூசி அட்டை அசலாக வேண்டும். 2020 மார்ச் முதல் கிட்டாவுக்கும் பள்ளிக்கும் தட்டம்மை ஊசிச் சான்று கட்டாயம்: ஒரு வயதுக்கு மேல் ஒரு டோஸ், இரண்டு வயதுக்கு மேல் இரண்டு. நம் ஊர் எம்ஆர் ஊசி இரண்டும் இதற்குச் செல்லும். ஆனால் அட்டையில் தேதி தெளிவாக இல்லாமல் டிக் மட்டும் இருந்தால் செல்லாது. கிளம்பும் முன் டாக்டரிடம் ஆங்கிலத்தில் தேதி, ஊசியின் பெயர், முத்திரையோடு ஒரு தாள் வாங்கிவிடுங்கள்.

ஆறு வயதில் பள்ளி கட்டாயம். ஆன்லைனில் சிபிஎஸ்இ நடத்திக்கொள்கிறேன் என்றால் ஒப்ப மாட்டார்கள்.

புதியவர்:
அக்கா, ஒரு சந்தேகம். விவாகரத்து ஆகிவிட்டது, குழந்தை என்னிடம் இருக்கிறது. அவர் தரப்பில் ஏதாவது கையெழுத்து வேண்டுமா?

மூன்றாம் செமஸ்டர்:
தீர்ப்பில் குழந்தையின் பொறுப்பு உங்களுக்கு மட்டும் என்று தெளிவாக இருந்தால் அதன் சான்றிட்ட நகல், தமிழில் இருந்தால் மொழிபெயர்ப்போடு. "குழந்தை தாயிடம் இருக்கும், தந்தை பார்க்கலாம்" என்று மட்டும் இருந்தால் தந்தையின் நோட்டரி சம்மதக் கடிதம் வேண்டும். நிரந்தரமாக வெளிநாட்டில் வசிக்கச் சம்மதம் என்று வாசகம் இருக்க வேண்டும், சுற்றுலாவுக்கான வாசகம் போதாதும்மா. இதற்கு வக்கீலைப் பார்த்து இப்போதே தொடங்குங்கள். விசா கட்டணம் உங்களுக்கு 75 யூரோ, குழந்தைக்கு 37.50.

வீட்டு அளவும் பார்ப்பார்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு 12 சதுர மீட்டர், அதற்குக் கீழே 10 என்பது வழிகாட்டு அளவு. நீங்களும் நாலு வயதுக் குழந்தையும் என்றால் 22. ஹாஸ்டலின் 15 சதுர மீட்டர் ஒற்றை அறை ஒப்பந்தத்தைக் காட்டினால் குழந்தையின் விசா அங்கேயே சிக்கும். மாணவர் நலச் சங்கத்தில் குடும்ப அபார்ட்மென்ட் என்று தனி விண்ணப்பம் இருக்கிறது.

லைப்சிக்வாசி:
அந்தக் குடும்ப அபார்ட்மென்ட்களில் நாய்க்குப் பெரும்பாலும் அனுமதி இல்லை, ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெளியே வாடகைக்குப் பார்த்தால், "நாய், பூனை கூடாது" என்று பொத்தாம்பொதுவாக அச்சடித்த விதி செல்லாது என்று ஜெர்மன் உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. ஆனாலும் வீட்டுக்காரர் உங்கள் நாயைக் குறிப்பாகப் பார்த்து, காரணம் சொல்லி மறுக்கலாம். மறைத்துவிட்டுக் குடிபோகாதீர்கள்; அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். முதல் மாதத்துக்குத் தற்காலிக வீடு எடுத்தால் முகவரிப் பதிவுக்கான கடிதம் தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். குடிபோய் இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். வங்கி, ரெசிடென்ஸ் பெர்மிட், கிட்டா எல்லாம் அந்தத் தாளுக்குப் பின்னால்தான்.

நாய்க்கு வரி உண்டு, பூனைக்கு இல்லை. பெர்லினில் முதல் நாய்க்கு ஆண்டுக்கு 120 யூரோ, அடுத்ததற்கு 180. நாய் யாரையாவது கடித்தாலோ சைக்கிளைக் கவிழ்த்தாலோ ஈடு கொடுக்கும் காப்பீடும் அங்கே கட்டாயம். ஹனோவர், கோட்டிங்கன் பக்கம் போகிறவர்கள் நாய் வளர்ப்போருக்கான தேர்வு எழுத வேண்டும், எழுத்து ஒன்று, செய்முறை ஒன்று. கடந்த பத்து ஆண்டில் தொடர்ந்து இரண்டு ஆண்டு நாய் வளர்த்ததை நிரூபித்தால் விலக்கு. தடுப்பூசிப் புத்தகம், மாநகராட்சி உரிமம் இவற்றைத் தூக்கிப்போடாமல் கொண்டுபோங்கள்.

பூனைக்காரி:
போய்ச் சேர்ந்த முதல் மாதத்திலேயே அங்குள்ள கால்நடை மருத்துவரிடம் ஐரோப்பியப் பிராணி பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். சிப், ரேபிஸ் ஊசி, ரத்தப் பரிசோதனை முடிவு மூன்றையும் அதில் ஏற்றச் சொல்லுங்கள். படிப்பு நடுவே லீவுக்கு ஊருக்குக் கூட்டிவந்து திரும்பினால், அந்தப் பதிவு ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் முன்பே இருந்ததால், மூன்று மாதக் காத்திருப்பு கிடையாது. நாயாக இருந்தால் உண்ணிக் காய்ச்சல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் கூட வையுங்கள். உண்ணி கடித்து வரும் நம் ஊர் எர்லிக்கியா நோய் அங்குள்ள டாக்டருக்குச் சட்டென்று மனதில் வராது; நாய் சோர்ந்து படுத்தால் "இந்தியாவிலிருந்து வந்த நாய், உண்ணி கடித்திருக்கலாம்" என்று நீங்கள்தான் முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும்.